கை தூக்கியவர் யார்? யாழ்ப்பாணத்து ஆவணக் கோப்புச் சேவை ஒன்றின் மதிப்புரை

யாழ்ப்பாண நகரின் மத்தியில், புத்தகம் கட்டும் கடையொன்றின் மேல்மாடியில், பழைய பத்திரிகை நறுக்குகளையும் வர்த்தமானிகளையும் ஹன்சாட் எனப்படும் பாராளுமன்ற உரைப் பதிவேட்டின் பிரதிகளையும் தேடியெடுத்துக் கோப்பாக்கித் தரும் சேவையொன்று சில காலமாக இயங்கி வருகிறது. காணி விடயமாக ஆதாரம் தேடுபவர்களும் ஆய்வேடு எழுதும் பல்கலைக்கழக மாணவர்களுமே பெரும்பாலும் அங்கு படியேறுகிறார்கள். நான் போனது வேறு தேவைக்காக. எங்கள் சனசமூக நிலையத்தில் மகளிர் தினத்தன்று நடைபெற்ற பட்டிமன்றத்தில், இந்த மாவட்டத்துப் பெண் பாராளுமன்ற உறுப்பினர்கள் எதைச் சாதித்தார்கள் என்று இரு அணியினரும் ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "அவ எங்களுக்காகக் கை தூக்கினவவோ இல்லையோ, அதை முதல் சொல்லுங்கோ பிள்ளையள்" என்று கேட்டார். மேடையில் இருந்த ஆறு பேரில் ஒருவரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. நடுவராக இருந்த என்னிடமும் இல்லை.

அந்தக் கேள்விக்கான பதிலைக் காசு கொடுத்தாவது பெறலாம் என்ற எண்ணத்தில்தான், 2010 முதல் 2020 வரை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பிரதிநிதித்துவம் செய்த, ஐக்கிய தேசியக் கட்சியின் திருமதி விஜயகலா மகேஸ்வரனின் தேர்தல் வரலாற்றையும் வாக்களிப்பு விபரத்தையும் தொகுத்துத் தருமாறு மேற்படி சேவையிடம் கேட்டேன். சேவையின் பெயரை இங்கு எழுதவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். அவற்றை நேரில் சொல்லியாயிற்று என்பது மற்றது.

கட்டளை கொடுக்கும் முறை ஒழுங்காக இருக்கிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். வருபவர்களை மரக்கதிரையில் இருத்தி, என்ன தேவை, எதற்காகத் தேவை என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதுவித்த பிறகுதான் விலை சொல்கிறார். எனக்குச் சொன்ன விலை 4,500 ரூபா, பாதி முற்பணம். மூன்று கிழமை என்று சொல்லி ஐந்து கிழமை எடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் பார்ப்பதற்கென்று மேசையில் ஒரு மாதிரிக் கோப்பு வைக்கப்பட்டிருந்தது. அது அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து ஜெனட் ராங்கினைப் பற்றியது. அந்நாட்டுக் காங்கிரஸுக்குத் தெரிவான முதற் பெண் அவர். 1916 இல் வெற்றி பெற்று, 1917 ஏப்ரல் 6 அன்று முதலாம் உலகப்போரில் இறங்கும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். அத்தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 373 க்கு 50 என்று நிறைவேறியது. 1918 இல் செனட் சபைக்கு முயன்று தோற்று, 1940 இல் மீண்டும் தெரிவாகி, 1941 டிசம்பர் 8 அன்று யப்பான் மீதான போர்ப் பிரகடனத்துக்கு எதிராகத் தனியொருவராக வாக்களித்தார்: 388 க்கு 1. மூன்று நாட்களின் பின் ஜேர்மனி, இத்தாலி ஆகியவற்றின் மீதான வாக்கெடுப்புகளில் ஆம் என்றோ இல்லை என்றோ கூறாமல், சமுகமளித்திருப்பதாக மட்டும் பதிவு செய்துகொண்டார். நான்கு பக்கங்களில் முடிந்துவிடும் அந்த மாதிரிக் கோப்பைப் படித்தபோது, எனக்கு வரப்போகும் கோப்பும் இதைப்போலவே திகதி, விடயம், வாக்கு என்று நேராக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பாதிதான் நிறைவேறியது. அந்தப் பாதி எது, மற்றப் பாதி ஏன் நிறைவேறவில்லை என்பவற்றைச் சொல்வதற்கே இந்த மதிப்புரை.

எனக்குக் கிடைத்த கோப்பு 62 பக்கங்கள் கொண்டது. அதில் முதல் ஒன்பது பக்கங்கள் விஜயகலாவின் கணவரைப் பற்றியவை. தியாகராஜா மகேஸ்வரன் 2000 இலும் 2001 இலும் யாழ்ப்பாணத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் வென்றவர். இந்து விவகார அமைச்சராக இருந்தவர். 2004 இல் கொழும்பில் போட்டியிட்டுத் தெரிவானவர். 2008 ஜனவரி 1 அன்று கொழும்பு பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்டவர். இவை தேவையான செய்திகள்தாம். ஆனால் ஒன்பது பக்கங்கள் தேவையில்லை. நம் நாட்டில் பெண் ஒருவர் சபைக்குப் போன கதையை ஓர் ஆணின் இறப்பிலோ இழப்பிலோ தொடங்குவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. உண்மையில் பலருடைய கதை அப்படித்தான் தொடங்கியும் இருக்கிறது. 1931 இல் றுவன்வெல்லைத் தொகுதியில் தந்தையின் இறப்பால் ஏற்பட்ட வெற்றிடத்துக்கு அடலின் மொலமுறே வந்தார். சகோதரர் கனகரத்தினத்தின் இறப்புக்குப் பின் 1980 இல் பொத்துவில் தொகுதிக்கு ரங்கநாயகி பத்மநாதன் வந்தார். 2013 இல் வட மாகாண சபைத் தேர்தலில் 87,870 விருப்பு வாக்குகள் (கட்சிப் பட்டியலில் உள்ள வேட்பாளருக்கென இடும் வாக்குகள்) பெற்ற அனந்தி சசிதரன், காணாமலாக்கப்பட்ட கணவரைத் தேடும் ஒருவராகவே மக்களுக்கு அறிமுகமானார். எனினும், கோப்பொன்றைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு வேண்டியது வந்த வழியை விட வந்தபின் செய்ததே.

தேர்தல் பகுதி பத்தாம் பக்கத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து முப்பதாம் பக்கம் வரையான பகுதிக்காக மட்டுமே நான் கொடுத்த பணம் தகும். 2010 ஏப்ரல் 8 இல் நடைபெற்ற தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 721,359 பேர். வாக்களித்தோர் 168,277 பேர், அதாவது 23.33 வீதம். இந்த எண்களை எந்த நாளிதழிலும் பார்க்கலாம். இதற்கு மேலே கோப்பு செய்திருப்பதுதான் பாராட்டுக்குரியது. வாக்களித்தவர்களில் 19,774 பேரின் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன என்பதை எடுத்துக்காட்டி, சாவடி வரை வந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரின் வாக்கு எண்ணப்படாமலே போனது என்று விளக்குகிறது. கட்சிக்கு ஒரு புள்ளடி, பின்னர் வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு மூன்று வரையான புள்ளடிகள் என்ற முறை, நெடுங்காலம் ஒழுங்காக வாக்களிக்க முடியாதிருந்த மக்களுக்கு எவ்வளவு குழப்பமாக இருந்திருக்கும் என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

அடுத்து, ஆசனம் எவ்வாறு கிடைத்தது என்ற கணக்கு. பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர், "12,624 வாக்குகள் பெற்ற கட்சிக்கு எப்படி ஆசனம் கிடைத்தது, அது கொழும்பின் தயவு" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். கோப்பு அந்தக் கைதட்டைத் திருப்பி வாங்கிவிடுகிறது. முதலிடம் பெற்ற இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 65,119 வாக்குகள். ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 47,622. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 12,624. ஏனையோர் ஐந்து வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டாததால் கணக்கில் சேரவில்லை. ஒரு போனஸ் ஆசனம் முதலிடம் பெற்ற கட்சிக்குப் போக, மிகுதி எட்டு. மேற்படி மூன்று தொகைகளையும் கூட்டி எட்டால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 15,671 வாக்குகள். முதற் கட்சிக்கு நான்கு முழு ஆசனங்கள், எஞ்சிய வாக்குகள் 2,500 க்கும் குறைவு. இரண்டாம் கட்சிக்கு மூன்று முழு ஆசனங்கள், எஞ்சியவை சில நூறு. மூன்றாம் கட்சிக்கு முழு ஆசனம் எதுவும் இல்லை, ஆனால் எஞ்சிய வாக்காக 12,624 உம் அப்படியே இருக்கின்றன. எட்டாவது ஆசனம் மிகப்பெரிய எச்சத்துக்கு உரியது என்பது சட்டம். தயவு எதுவும் இல்லை, வகுத்தற் கணக்கு மட்டுமே. வீட்டில் கடதாசியும் பென்சிலும் எடுத்து இதைச் சரிபார்த்தேன்; கணக்கில் ஓர் இலக்கமும் பிசகவில்லை. கட்சிக்குக் கிடைத்த அந்த ஓர் ஆசனம், 7,160 விருப்பு வாக்குகள் பெற்ற விஜயகலாவுக்கு உரியதாயிற்று.

2015 ஆகஸ்ட் 17 தேர்தலைப் பற்றிய பக்கங்களும் இதே தரத்தில் இருக்கின்றன. பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகை 529,239 ஆகக் குறைந்திருந்தது, வாக்களிப்பு 61.56 வீதமாக உயர்ந்திருந்தது. மாவட்டத்தின் ஆசனங்கள் 7 ஆகக் குறைந்திருந்தன. வீதம் உயர்ந்ததை மட்டும் பார்த்து மக்கள் திடீரென்று அரசியலில் ஆர்வம் கொண்டுவிட்டார்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. போருக்குப் பின் வாக்காளர் இடாப்பு (பெயர்ப் பட்டியல்) திருத்தப்பட்டு, இங்கு இல்லாதவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதால் வகுக்கும் எண்ணே சிறுத்தது என்பதையும் சேர்த்து எழுதியிருப்பது இந்தச் சேவையின் நேர்மையைக் காட்டுகிறது. ஆயினும் வாக்களித்தவர்களின் உண்மைத் தொகையும் 325,805 ஆக, ஏறத்தாழ இரு மடங்காகியது என்பதையும் அது மறைக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 20,025 வாக்குகளுடன் ஓர் ஆசனம் பெற்றது; இவருடைய விருப்பு வாக்குகள் 13,071. தமிழரசுக் கட்சி 207,577 வாக்குகளையும் 5 ஆசனங்களையும் பெற்ற ஒரு தேர்தலில் இது நடந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. 2020 ஐப் பற்றி இரண்டு பக்கங்கள்தாம்: நாடு முழுவதிலும் ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தோடு நின்றுவிட்ட ஐக்கிய தேசியக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு பக்கங்கள் போதும்.

முன்னர் 2004 இல் இதே மாவட்டத்தில் தமிழரசுக் கட்சிப் பட்டியலில் தெரிவான பத்மினி சிதம்பரநாதனைப் பற்றிய ஒரு பக்க ஒப்பீடும் இருக்கிறது. எட்டு ஆசனங்களை வென்ற பட்டியலில் வந்த ஒரு பெண்ணுக்கும், ஓர் ஆசனத்தை மட்டும் வென்ற பட்டியலில் வந்த ஒரு பெண்ணுக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு! முன்னவர் அலையோடு வந்தவர். பின்னவர் தன் பட்டியலில் இருந்த ஆண்கள் எல்லோரையும் விருப்பு வாக்கில் முந்தியிராவிட்டால் வந்திருக்கவே முடியாது. கோப்பு இதை எழுதவில்லை. எண்களை அருகருகே வைத்திருக்கிறது, அவ்வளவே. அதுவே நல்லது.

முப்பத்தோராம் பக்கத்தில் வாக்களிப்பு விபரம் தொடங்குகிறது. குறையும் அங்கேதான் தொடங்குகிறது.

விபரம் ஓர் அட்டவணையாக இருக்கிறது: திகதி, சட்டமூலம் அல்லது பிரேரணை, மொத்த வாக்குகள், உறுப்பினரின் நிலை. இறுதி நிரலில் "ஆதரித்தார்", "எதிர்த்தார்", "கலந்துகொள்ளவில்லை" என்ற மூன்றில் ஒன்று. பார்வைக்கு ராங்கினின் கோப்பைப் போலவே தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது, ஏனெனில் எங்கள் பாராளுமன்றத்தில் வாக்குகள் அவ்வாறு பதிவாவதில்லை. சபாநாயகர் வினாவை விடுக்கும்போது ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் குரல் எழுப்புகிறார்கள்; எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று அவர் கூறுகிறார்; உறுப்பினர் எவராவது வாக்கெடுப்புக் கோரினால் மட்டுமே பெயர்கள் பதிவாகின்றன. கோரப்படாவிட்டால், "வினா விடுக்கப்பெற்று ஏற்றுக்கொள்ளப்பெற்றது" என்ற ஒரு வரியோடு ஹன்சாட் அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அந்த ஒரு வரிக்குள் 225 பேரின் மனமும் அடங்கிவிடுகிறது. எவருடைய பெயரும் இல்லை.

ஆகவே பெயர் பதிவான வாக்கெடுப்புகளை ஒரு பக்கத்திலும் பதிவாகாதவற்றை மறுபக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். எங்கள் பகுதி மக்கள் எந்தச் சட்டங்களைப் பற்றி அதிகம் கேட்பார்களோ, அவற்றிற் பல இரண்டாம் பக்கத்தில் வந்து நின்றன. தகவலறியும் உரிமைச் சட்டமூலம் 2016 ஜூன் 24 அன்று வாக்கெடுப்பின்றி ஏகமனதாக நிறைவேறியது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமூலம் 2016 ஆகஸ்ட் 11 அன்று, கூட்டு எதிரணியின் கூச்சலுக்கு நடுவே, அதுவும் வாக்கெடுப்பின்றியே நிறைவேறியது. 2018 நவம்பர் 14 அன்று மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கத்துக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணையைச் சபாநாயகர் கரு ஜயசூரிய குரல் வாக்கின் மூலமே நிறைவேறியதாக அறிவித்தார். பிரேரணையை ஆதரித்து 122 பேர் ஒப்பமிட்ட கடிதம் தனியானது. நாட்டையே உலுக்கிய ஒரு வாக்கெடுப்புக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை என்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். கோப்பின் அட்டவணையில் இந்த மூன்றுக்கும் எதிரே "ஆதரித்தார்" என்று எழுதியிருக்கிறது.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். கட்சி ஆதரித்தது, ஆகவே அவரும் ஆதரித்திருப்பார் என்ற அடிப்படையில் நிரப்பியதாக, ஒளிவு மறைவின்றிச் சொன்னார்கள். இதுதான் இந்தச் சேவையின் பெருங்குறை. கட்சியின் நிலைப்பாட்டிலிருந்து ஆளின் வாக்கை ஊகிக்க முடியாது என்பதற்கு அதே அட்டவணையின் முதல் வரியே சாட்சி. 2010 செப்டெம்பர் 8 அன்று அரசியலமைப்பின் 18 ஆவது திருத்தம் 161 க்கு 17 என்று நிறைவேறியபோது ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. ஆனால் அதே கட்சியின் பட்டியல்களில் தெரிவான சிலர் அரசாங்கப் பக்கம் போய் நின்று ஆதரித்து வாக்களித்தார்கள். கட்சியை மட்டும் பார்த்து நிரப்பியிருந்தால் அந்தச் சிலரின் கோப்புகள் பொய்யாகியிருக்கும். இன்னொரு சாட்சி 2018 ஆகஸ்ட் 24: மாகாண சபைகளின் எல்லை மீள்நிர்ணய அறிக்கைக்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, எதிராக 139. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். கொண்டுவந்தவரின் வாக்கையே ஊகிக்க முடியாத ஒரு சபையில், பின்வரிசையில் இருப்பவரின் வாக்கை எவ்வாறு ஊகிப்பது?

"கலந்துகொள்ளவில்லை" என்ற சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. கட்சி முடிவெடுத்துப் புறக்கணித்த நாளுக்கும், வெளிநாட்டில் இருந்த நாளுக்கும், சபைக் கட்டடத்துக்குள்ளேயே தேநீர் அருந்திக்கொண்டிருந்த நாளுக்கும் ஒரே சொல் போதாது. 2018 மார்ச் 7 அன்று, பலவந்தமாகக் காணாமலாக்கப்படுவதிலிருந்து ஆட்களைப் பாதுகாக்கும் சர்வதேச சமவாயத்துக்குச் சட்டவலு அளிக்கும் சட்டமூலம் 53 க்கு 16 என்று நிறைவேறியது. கூட்டிப் பாருங்கள்: 69. வட மாகாணத்தின் வீதியோரங்களில் தாய்மார் கொட்டகை போட்டு இருந்துகொண்டிருந்த காலத்தில், அவர்கள் எதற்காக இருந்தார்களோ அதே விடயத்தின் மீதான வாக்கெடுப்பில் 225 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. இத்தகைய ஒரு நாளில், வாக்களித்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் போலவே, வராதவர் ஏன் வரவில்லை என்பதும் வாக்களிப்பு விபரமே. கோப்பு இந்த நாளுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறது. கணவருக்கு ஒன்பது பக்கங்கள் ஒதுக்கியவர்கள்!

விடய வகைப்படுத்தலிலும் ஓர் இடறல் உண்டு. அட்டவணையின் ஓரத்தில் "பெண்கள்", "வடக்குக் கிழக்கு", "பொருளாதாரம்" என்று நிற முத்திரைகள் இட்டிருக்கிறார்கள். 2017 செப்டெம்பர் 20 அன்று 154 க்கு 44 என்று நிறைவேறிய மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலத்துக்குப் "பெண்கள்" என்ற முத்திரை மட்டும் இடப்பட்டிருக்கிறது. வேட்புமனுப் பட்டியலில் 30 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே அது கொண்டுவரப்பட்டது என்பது உண்மை. ஆனால் குழுநிலையில் சேர்க்கப்பட்ட திருத்தங்கள் தேர்தல் முறையையே மாற்றி, எல்லை நிர்ணயம் முடியும் வரை தேர்தலை நடத்த முடியாதபடி செய்துவிட்டன. அந்த எல்லை நிர்ணய அறிக்கைக்கு நேர்ந்த கதியை மேலே சொல்லிவிட்டேன். வட மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் எவரையும் தெரிவு செய்யவில்லை. இல்லாத தேர்தலின் பட்டியலில் 30 வீதம் என்ன, நூறு வீதம் இருந்தாலும் என்ன? இந்த ஒரு வாக்கை "பெண்களுக்கு ஆதரவு" என்ற தட்டிலும் "மாகாண சபைத் தேர்தலைத் தள்ளிப்போட்டது" என்ற தட்டிலும் ஒருங்கே வைத்தால்தான் ஆச்சியின் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும். இதற்கு மாறாக, உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய ஏற்பாடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்து, எங்கள் பிரதேச சபைக்கும் பெண்கள் போனார்கள். இரண்டையும் ஒரே நிற முத்திரையால் குறிப்பது கண்ணுக்கு அழகு, கருத்துக்கு அல்ல.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹன்சாட் மொழிபெயர்க்கப்படுவதில்லை, பேசியவர் பேசிய மொழியிலேயே அச்சாகும், நடைமுறைக் குறிப்புகள் மட்டும் மூன்று மொழிகளிலும் வரும். ஆகவே தமிழ் உறுப்பினரின் உரையை நாங்கள் நேரே வாசிக்கலாம்; அதற்கு அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதிலை வாசிக்க முடியாமல் பலர் திண்டாடுவார்கள். இந்தச் சேவை தேவையான பகுதிகளைத் தமிழாக்கித் தருகிறது என்பது பெரிய உதவி. உரைகளின் தமிழாக்கம் கைப்பட எழுதியது போல இருக்கிறது. வாசிக்க இதமாக இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த அட்டவணைத் தலைப்புகளை மட்டும் கணினியிடம் விட்டுவிட்டார்கள் போலும். வாக்கெடுப்பைக் குறிக்கும் "டிவிஷன்" என்ற சொல் இரண்டு இடங்களில் "வகுத்தல்" என்று வந்திருக்கிறது. தேர்தல் பகுதியில் உண்மையான வகுத்தற் கணக்கு இருக்கின்றமையால், இரண்டையும் ஒன்றென நினைத்து எங்கள் நிலையத்துச் செயலாளர் கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார். 2018 ஜூலையில் விஜயகலா இராஜாங்க அமைச்சர் பதவியை விட்டு விலகியதைப் பற்றிய பகுதி பத்திரிகை நறுக்குகளை அப்படியே ஒட்டி அமைக்கப்பட்டிருக்கிறது; எந்தப் பக்கமும் சாயாத ஒழுங்கு அதில் இருக்கிறது.

இன்னொரு 1,000 ரூபா கொடுத்தால் முற்காலத்துப் பெண் உறுப்பினர் ஒருவரைப் பற்றிய இணைப்பும் தருவார்கள். நான் கேட்டது கொழும்பு வடக்கின் நேசம் சரவணமுத்து. கணவர் இரட்ணசோதி சரவணமுத்து 1931 இல் வென்ற ஆசனத்தைத் தேர்தல் மனுவால் இழக்க, 1932 இடைத்தேர்தலில் நின்று வென்று, 1936 இல் மீண்டும் தெரிவானவர். வந்தது ஆறு பக்கங்கள், பரவாயில்லை. அதில் ஒரு பக்கம் மட்டும் நான் எதிர்பாராதது. 1931 இல் இருபத்தொரு வயது வந்த பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. 1934 இல்தான் அந்த ஆசனங்கள் நிரப்பப்பட்டன. அதாவது நாட்டின் ஏனைய பகுதிப் பெண்கள் முதன்முறை வாக்களித்த தேர்தலில் எங்கள் பாட்டிமார் வாக்களிக்கவில்லை. பிரித்தானியர் அப்போது கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பு சுயராச்சியத்துக்குப் போதாது என்று ஆண்கள் எடுத்த முடிவுக்குப் பெண்களின் முதல் வாக்கு விலையாயிற்று என்று இணைப்பை எழுதியவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரிக்காக 1,000 ரூபா கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

கட்டுமானத்தில் குறைசொல்ல எதுவும் இல்லை. கீழே புத்தகம் கட்டுபவர்கள் இருப்பதால் கோப்பு துணிமுதுகுடன் தைத்துக் கட்டப்பட்டிருக்கிறது; விரித்து வைத்தால் விரிந்தபடியே இருக்கும். நறுக்குகளின் ஒளிப்பிரதிகள் சில கறுத்துப்போயிருக்கின்றன. 1981 இல் 97,000 அளவிலான நூல்களையும் சுவடிகளையும் எரியக் கொடுத்த ஊரில், ஒரு நறுக்கு கறுத்திருக்கிறது என்று குறைப்பட எனக்கு மனம் வரவில்லை. நேரத்தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் முன்கூட்டி அறிவிக்கவில்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை, நேரே போக வேண்டும். மாடிப்படி செங்குத்தானது, கைபிடியும் ஒரு பக்கத்தில் மட்டுந்தான்; முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கீழே கடையில் சொன்னால் மேலிருந்து ஒருவர் இறங்கி வருவார்.

குறைகளை எழுதிக்கொண்டு மறுபடியும் போனேன். நடத்துபவர் கோபிக்கவில்லை. அட்டவணையைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியாக, பெயர்ப் பட்டியல் இருந்ததா இல்லையா என்று என்னோடு சேர்ந்து பார்த்தார். பெயர் பதிவான வாக்கெடுப்புகளில் கோப்புக்கும் ஹன்சாட்டுக்கும் இடையில் ஒரு முரண்பாடும் இருக்கவில்லை; தேடுவதில் இவர்கள் சோம்பேறிகள் அல்லர். பெயர் பதிவாகாத பதினொரு வரிகளில், ஊகித்து எழுதியதைப் பென்சிலால் வெட்டிவிட்டு, என்ன எழுதலாம் என்று என்னையே கேட்டார். "வாக்கெடுப்புக் கோரப்படவில்லை" என்று எழுதச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப, அவ கோரியிருக்கலாமே எண்டு ஆரும் கேட்டால்?" என்றார். அதுவும் சரியான கேள்விதான். எந்த உறுப்பினரும் எழுந்து கோரியிருக்கலாம். 225 பேரில் ஒருவரும் கோரவில்லை. அதையும் அடிக்குறிப்பாகச் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

திருத்திய பிரதிக்கு மேலதிகமாக எதுவும் வாங்கமாட்டோம் என்று சொன்னார்கள். அடுத்த கிழமை வரச் சொல்லி இரண்டு கிழமை ஆகிறது, இன்னும் வரவில்லை. ஆச்சி நேற்று வாசிகசாலைப் படியில் என்னைக் கண்டு, "என்ன தம்பி, கணக்கு வந்ததோ?" என்று கேட்டார். பாதி வந்தது என்றேன்.